வாயால சொல்றதா, வாட்ஸ்அப்பா, ஈமெயிலா, போர்டா? எங்க பிரிண்டிங் கடையில நாலையும் பாத்துட்டு எடுத்த முடிவு

2025 தைப்பூசத்துக்கு பத்து நாள் இருக்கும்போது ஒரு தண்ணீர் பந்தல் குழுவுல இருந்து ஒரு அண்ணன் கடைக்கு போன் பண்ணாரு. "தங்கச்சி, பேனர் 6 பீஸ், போன வருஷம் போட்ட மாதிரியே போட்டுரும்மா"ன்னாரு. நானும் சரிண்ணேன்னு வச்சிட்டு, திரும்பி டிசைன் பாக்குற பொண்ணுகிட்ட அதையே மலாய்ல "சாமா மாச்சாம் தாஹுன் லாலு"ன்னு சொன்னேன். அவ சீனப் பொண்ணு, நல்ல வேலைக்காரி, ஆனா தமிழ் எழுத்து அவளுக்கு படம் மாதிரிதான். போன வருஷ ஃபைல தொறந்தா, அளவு பாத்தா, மெஷினுக்கு அனுப்பிட்டா. மெஷின் அண்ணன் அடிச்சாரு, நாலு ஓரத்துலயும் கயிறு கட்ட ஐலெட் வளையம் குத்துனாரு, சுருட்டி வச்சாரு. தண்ணீர்மலை போற ரோட்டுல பந்தல்ல கட்டி முடிச்ச பிறகுதான் யாரோ ஒரு சின்ன பையன் கேட்டிருக்கான், ஏன் மாமா ஜனவரி 25ன்னு போட்டிருக்குன்னு. அது 2024 தைப்பூசம். 2025ல பிப்ரவரி 11.

இதுல யாரு தப்பு பண்ணாங்கன்னு யோசிச்சு பாருங்க. அண்ணன் கேட்டது போன வருஷம் மாதிரி, நான் சொன்னது போன வருஷம் மாதிரி, அவ செஞ்சதும் போன வருஷம் மாதிரி. ஒருத்தரும் சோம்பேறித்தனம் பண்ணல, ஒருத்தரும் மறக்கல, சொன்னத சொன்னபடியே செஞ்சிருக்கோம், அதுதான் எனக்கு ரொம்ப கடுப்பு. திட்டுறதுக்கு கூட ஆள் இல்ல.

மொதலாளி 6 பேனரையும் காசு வாங்காம திரும்ப அடிச்சு குடுக்க சொல்லிட்டாரு. அப்புறம் என்கிட்ட "இனிமே வேலைய எதுல சொல்லணும், எப்படி வாங்கணும்னு நீயே பாத்து ஒரு வழி பண்ணு"ன்னாரு. (ஒரு வழி பண்ணுன்னா என்ன, எப்போக்குள்ள பண்ணணும்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. இந்த லட்சணத்துலதான் ஆரம்பிச்சோம்.)

எங்க கடை பெருசு இல்ல. மலேசியாவுல பினாங்கு, ஜார்ஜ்டவுன்ல கவுண்டர், பாலம் தாண்டி பிறையில மெஷின், மொத்தம் 9 பேரு, மூணு பாஷை. பேனர், பண்டிங் (நெட்டா தொங்க விடற பேனர்), கல்யாண கார்டு, பில் புக்கு, இதுதான் பொழப்பு. உங்களுதும் இந்த மாதிரி சின்ன இடம்னா கீழ சொல்றது ஒத்து வரும், ஐநூறு பேர் வேலை செய்யற ஃபேக்டரினா எவ்ளோ ஒத்து வரும்னு நீங்கதான் பாத்துக்கணும்.

எத வச்சு ஒப்பிடுறதுன்னு முதல்ல எனக்கே தெரியல. அப்புறம் ஃபெர்னாண்டோ ஃப்ளோரெஸ்னு ஒருத்தர் சொன்னது கண்ணுல பட்டுச்சு. சிலி நாட்டுக்காரரு, அயெந்தே அரசாங்கத்துல நிதி மந்திரியா இருந்தவரு, 1973 ராணுவப் புரட்சிக்கு அப்புறம் மூணு வருஷம் உள்ள வச்சிட்டாங்க, வெளிய வந்து அமெரிக்காவுல பெர்க்லியில டாக்டர் பட்டம் வாங்குனாரு. அவரு சொன்னது இதுதான், ஒரு ஆபீஸ்ல நடக்குற வேலை எல்லாமே ஒரு சுத்து: ஒருத்தர் கேக்குறாரு, இன்னொருத்தர் ஒத்துக்குறாரு, செய்யறாரு, கேட்டவர் ஆமா இததான் கேட்டேன்னு ஏத்துக்குறாரு. இந்த நாலும் முடிஞ்சாதான் வேலை முடிஞ்சது. ரெண்டாவது கட்டத்துல வெறும் சரி மட்டும் இல்ல, முடியாதுன்னு சொல்லலாம், வியாழன் முடியாது சனிக்கிழமை தரேன்னு பேரமும் பேசலாம். எனக்கு இத படிச்சதும் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு, ஏன்னா எங்க கடையில ஒன்னும் மூணும் மட்டும்தான் நடக்குது. கேப்போம், செய்வோம். நடுவுல ஒத்துக்குறதும் கடைசியில ஏத்துக்குறதும் காத்தோட போயிரும். அதனால நாலு வழியையும் இந்த கண்ணாலதான் பாத்தேன், எந்த வழியில "ஒத்துக்கிட்டேன்"ங்கறது கண்ணுக்கு தெரியுது, எதுல தெரியாம போயிருது.

முதல்ல வாயால சொல்றது. இத நான் லேசா ஒதுக்க மாட்டேன். எல்லாரும் எழுத்துல இருக்கணும் எழுத்துல இருக்கணும்னு சொல்றாங்க, ஆனா மூஞ்ச பாத்து சொல்லும்போதுதான் எதிர்ல இருக்கறவங்க புருவம் சுருங்குறது தெரியும், "எந்த ஃபைலு கா?"ன்னு கேள்வி வரும், அங்கயே தெளிஞ்சிரும். ஒரு நிமிஷ வேலை. சட்டத்துலயும் வாய் வார்த்தைக்கு மதிப்பு இருக்கு, நம்ம 1950 கான்ட்ராக்ட்ஸ் ஆக்ட் எல்லா ஒப்பந்தமும் எழுத்துலதான் இருக்கணும்னு கேக்கல. பிரச்சனை என்னன்னா நம்ம ஊர்ல "சரி"க்கு நிறைய வகை இருக்கு.

மலேசியாவுல வேலை செஞ்சவங்களுக்கு இது விளக்கவே வேணாம். "போலே", அதாவது முடியும்னு, ஒரே தடவ நிமிர்ந்து பாத்து சொன்னா அது நடக்கும். "போலே போலே"ன்னு ரெண்டு தடவ போனபடியே சொன்னா பாதி சந்தேகம். "கேன் லா"ன்னா செய்வாங்க, ஆனா இன்னைக்கு இல்ல. "நந்தி"ன்னா அப்புறம், அந்த அப்புறத்துக்கு தேதி கிடையாது. "டிரை பண்றேன் கா"ன்னு தமிழ் பையன் சொன்னா அது பெரும்பாலும் முடியாதுதான், அக்கா மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல வாய் வரல, அவ்ளோதான். நான் மட்டும் என்ன, மொதலாளி சனிக்கிழமை வர சொன்னா "பாக்கறேன்ணே"ன்னுதான் சொல்லுவேன், மனசுக்குள்ள அன்னைக்கு நாத்தனார் வீட்டு விசேஷம்னு ஓடிட்டு இருக்கும். முடியாதுன்னு சொல்றதுக்கு இடம் இல்லாத எடத்துல சரின்னு சொன்னா அந்த சரிக்கு எடை இருக்காது, இத நான் பதினஞ்சு வருஷம் கவுண்டர்ல நின்னு கத்துக்கிட்டது.

ஆனா வாயாலயே சரியா நடக்குற ஒரு எடம் எல்லாருக்கும் தெரியும், மாமாக் கடை, நம்ம தமிழ் முஸ்லிம் ஆளுங்க நடத்துற சாப்பாட்டுக் கடை. அஞ்சு பேரு போய் உக்காருறோம், ஆளுக்கு ஒன்னு சொல்றோம், நடுவுல ஒருத்தர் மாத்துறாரு, அண்ணன் கையில பேப்பரும் இல்ல பேனாவும் இல்ல, எல்லாம் கேட்டுட்டு ஒரு தடவ திருப்பி சொல்லுவாரு பாருங்க, "தே தாரிக் ரெண்டு, ஒன்னு கொராங் மானிஸ், தே ஓ ஐஸ் லிமாவ் ஒன்னு, ரொட்டி தெலூர் மூணு, மீ கோரெங் ஒன்னு காரம் இல்லாம". அப்பதான் நமக்கே தெரியும், நான் முட்டை இல்லாத சானாய்தானே சொன்னேன்னு. அங்கயே திருத்திருவோம். அப்புறம் அவரு தண்ணி கலக்குற ஆளப் பாத்து கத்துவாரு, அந்த ஆளும் பதிலுக்கு கத்துவாரு. கேக்குறது, திருப்பி சொல்றது, சரி பாக்குறது, எல்லாம் இருபது வினாடியில முடிஞ்சிருது. நான் டிசைன் பொண்ணுகிட்ட பேனர் சொன்னப்ப அவ "சரி, 6 பீஸ், 10க்கு 4 அடி, தேதி ஜனவரி 25"ன்னு மட்டும் திருப்பி சொல்லியிருந்தா அங்கயே என் தலையில லைட் எரிஞ்சிருக்கும். அவ "ஓகே கா"ன்னா. நானும் ஓகேன்னு வந்துட்டேன்.

இந்த ஓகே எவ்ளோ மோசமான வார்த்தைன்னா, 1977 மார்ச் 27ல டெனரீஃப் தீவுல ரெண்டு 747 விமானம் ரன்வேயிலயே மோதி 583 பேர் செத்துப் போனாங்களே, அந்த விபத்துலயும் ஒரு ஓகே இருக்கு. பனி மூட்டம், ஒன்னும் தெரியல. ஒரு விமானத்துல இருந்து நாங்க கெளம்பறோம்ங்கற மாதிரி ஒன்னு சொன்னாங்க, அது கெளம்பிட்டோம்னு அர்த்தமா கெளம்ப ரெடியா நிக்கிறோம்னு அர்த்தமான்னு புரியாத மாதிரி இருந்துச்சு, கன்ட்ரோல் டவர்ல இருந்தவரு ஓகேன்னாரு, அதுக்கு பின்னாடி நில்லு நான் கூப்பிடறேன்னு சொன்னது ரேடியோ இரைச்சல்ல போயிருச்சு. அவங்களுக்கு கேட்டது ஓகே மட்டும்தான். அதுக்கு அப்புறம் டேக்ஆஃப்ங்கற வார்த்தையையே உண்மையா அனுமதி குடுக்கும்போதும் அத ரத்து பண்ணும்போதும் மட்டும்தான் சொல்லணும், முக்கியமான உத்தரவுக்கு வெறும் ஓகே பத்தாது, சொன்னத அப்படியே திருப்பி சொல்லணும்னு கறாரா ஆக்கிட்டாங்க. பேனருக்கும் பிளேனுக்கும் முடிச்சு போடறேன்னு சிரிக்காதீங்க, கோளாறு ஒரே கோளாறுதான்.

ரெண்டாவது வாட்ஸ்அப் குரூப். எங்க கடைக்குன்னு ஒரு குரூப் இருக்கு, 9 பேரும் இருக்கோம், மொதலாளி மருமகனும் இருக்காரு, ஏன்னு தெரியல. பேனர் சம்பவத்துக்கு அப்புறம் எல்லா ஆர்டரும் இதுலதான் போடணும்னு மாத்துனோம். ஒரு மாசம் ஓட்டுனோம்.

நல்லது என்னன்னா எழுத்துல இருக்கு, தேடி எடுக்கலாம், படம் போடலாம், பிறையில இருக்கறவங்களுக்கும் அதே நேரத்துல போயிரும். கெட்டது என்னன்னா குரூப்ல கேட்டா யாருகிட்டயும் கேக்கல. "நாளைக்கு காலைல அந்த ஸ்கூல் பண்டிங் 20 பீஸ் யாராச்சும் பாத்துருங்க"ன்னு நானே போட்டேன், எட்டு பேர் பாத்தாங்க, மூணு பேர் கட்டைவிரல் காட்டுனாங்க, பண்டிங் யாரும் தொடல. மறுநாள் கேட்டா கட்டைவிரல் காட்டுன மூணு பேருமே அடுத்தவங்க செய்யறாங்கன்னு நினைச்சிருக்காங்க. கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம்னு அன்னைக்கு ஒரு பஞ்சாயத்தே நடந்துச்சு. மெஷின் அண்ணன் சொன்னாரு, அவருக்கு அது "பாத்துட்டேன்", டிசைன் பொண்ணுக்கு அது "நல்லது", லோரி ஓட்டுற பாக் சிக்குக்கு அது "தெரிமா காசே", நன்றி. ஒருத்தருக்கும் அது "நான் செய்யறேன்" இல்ல.

புளூ டிக்கும் அப்படித்தான், மெசேஜ் தொறந்துச்சுன்னு சொல்லுது, மனசு தொறந்துச்சுன்னு சொல்லல. அதோட எழுதுன மெசேஜ பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள திருத்தலாம், ரெண்டு நாள் வரைக்கும் எல்லாருக்கும் இல்லாம அழிக்கலாம். ஒரு தடவ கஸ்டமர் 300 கார்டுன்னு போட்டுட்டு அத 500ன்னு திருத்துனாரு, நடுவுல இருந்த அந்த அஞ்சு நிமிஷத்துல நான் 300ன்னு பாத்து பேப்பர் எடுத்து வைக்க சொல்லிட்டேன். திருத்துனதுக்கு ஒரு சின்ன எழுத்துல அடையாளம் வரும்தான், வேலை அவசரத்துல யாரு அத பாப்பா.

வாய்ஸ் நோட்டு பத்தி பேசவே வேணாம், ஆனா பேசிருறேன். மொதலாளி காடி ஓட்டிக்கிட்டே மூணு நிமிஷத்துக்கு அனுப்புவாரு. முதல் ஒரு நிமிஷம் பாலத்துல ஜாம், அடுத்த நிமிஷம் யாரோ ஒரு கஸ்டமரோட குடும்ப கதை, கடைசி பத்து வினாடியில "ஆங், அந்த கார்டு கலர் மாத்திரு". எந்த கார்டு? என்ன கலர்? தமிழ்ல டைப் பண்ண கை வராதவங்களுக்கு வாய்ஸ் நோட்டு பெரிய வரம், பாக் சிக்குக்கும் அதுதான் சுலபம், அத நான் மறுக்கல. ஆனா தேதியும் எண்ணிக்கையும் அதுல சொன்னா கடலுல போட்ட கல்லுதான், திரும்ப எடுக்க முடியாது.

ஈமெயில சீக்கிரம் முடிச்சிருறேன். பெரிய கம்பெனி கஸ்டமர், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிங்க, அவங்களுக்கெல்லாம் ஈமெயில் இல்லாம முடியாது, பர்ச்சேஸ் ஆர்டர் நம்பரே அதுலதான் வரும். 2006லயே எலக்ட்ரானிக் காமர்ஸ் ஆக்ட் வந்து மின்னஞ்சல்ல பண்ண ஒப்பந்தம் எலக்ட்ரானிக்ல இருக்குங்கற ஒரே காரணத்துக்காக செல்லாம போகாதுன்னு ஆயிருச்சு, அதனால காசு தகராறு வரும்னு சந்தேகம் இருந்தா ஈமெயில்தான் தெம்பு. ஆனா கடைக்குள்ள? மெஷின் அண்ணன் கையில இங்க்கு, கம்ப்யூட்டர் பக்கமே வர மாட்டாரு. அவருக்கு ஈமெயில் போடறது கடுதாசிய பாட்டில்ல அடைச்சு பத்து ஃபெரிங்கி கடல்ல விடற மாதிரி. இன்னொன்னு, பக்கத்து மேசையில இருக்கறவங்களுக்கு மொதலாளிய சிசில போட்டு ஈமெயில் அனுப்புனா அது வேண்டுகோள் இல்ல, புகார். ஒரு தடவ நான் அப்படி பண்ணி டிசைன் பொண்ணு ரெண்டு நாள் என்கூட பசியாற வரல.

நாலாவது போர்டு. முதல்ல மருமகன் ஆலோசனையில, ஒவ்வொரு வேலையையும் ஒரு அட்டையா காட்டுற டிரெல்லோங்கற ஆப் வச்சோம், போன்லயே பாக்கலாம், அட்டை அட்டையா நகத்தலாம். பாக்க அழகா இருந்துச்சு. மூணு வாரத்துல அட்டைய நகத்துற ஒரே ஆள் நான்தான்னு ஆயிருச்சு, ஒவ்வொருத்தரா போய் முடிஞ்சதான்னு கேட்டு நானே நகத்துனேன். அதுக்கு நான் நேரா கேட்டுட்டே போயிருக்கலாம். ஒத்துக்கிட்டவங்க கை படாத போர்டு வெறும் சுவர் அலங்காரம்தான்.

பிரிண்டிங் வேலையில பழைய ஆளுங்களுக்கு ஜாப் ஷீட்னு ஒன்னு தெரியும். ஒரு கவர், வெளிய ஒரு தாள், அதுல கஸ்டமர் பேரு, அளவு, எண்ணிக்கை, பேப்பர், கலர், ப்ரூஃப்ல (அடிக்கறதுக்கு முன்னாடி சரி பாக்க காட்டுற பிரதி) யாரு கையெழுத்து போட்டா, எப்போ வேணும், எல்லாம் கட்டம் கட்டமா இருக்கும், கவருக்குள்ள சாம்பிள். வேலை ஒரு மேசையில இருந்து அடுத்த மேசைக்கு போகும்போது கவரும் கூடவே போகும். கம்ப்யூட்டர் வந்த பிறகு எங்க கடையில அத விட்டுட்டாங்க, பழைய காலம்னு. எனக்கு இப்ப தோணுது, அத விட்டது பெரிய முட்டாள்தனம். கையெழுத்துன்னு ஒன்னு கேக்குதே, அதுதான் ரெண்டாவது கட்டம், "ஒத்துக்கிட்டேன்". ப்ரூஃப்ல கஸ்டமர் கையெழுத்து போடறாரே, அது கிட்டத்தட்ட நாலாவது கட்டத்த முன்கூட்டியே வாங்கிக்கிறது. ஒரே குறை, எங்க கவுண்டருக்கும் மெஷினுக்கும் நடுவுல 13.5 கிலோமீட்டர் பாலம் இருக்கு, கவரு லோரியிலதான் போகணும், அவசர வேலைக்கு ஆகாது.

இப்ப முடிவு. நான் மொதலாளிகிட்ட போய் நாலுல ஒன்ன எடுக்கல, ரெண்டு ஒட்டு போட்டேன்னு சொன்னேன். கேக்குறது வாயால, நேர்லயோ போன்லயோ. எழுதுறது வாட்ஸ்அப்ல, ஆனா குரூப்ல இல்ல, அந்த ரெண்டு பேருக்கு நடுவுல மட்டும். இதுல எது முக்கியம்னா, எழுத வேண்டியது கேட்டவங்க இல்ல, ஒத்துக்கிட்டவங்க. அவங்க பாஷையில, அவங்க வார்த்தையில, அவங்க தேதியோட.

இதுல மொதலாளிக்கும் எனக்கும் அரை நாள் வாக்குவாதம். "கேக்குறவன்தானே தெளிவா எழுதணும், செய்யறவன் ஏன் எழுதணும், அவனுக்கு வேலை கூடுதே"ன்னாரு. நான் கேட்டேன், அண்ணே நான் எவ்ளோ தெளிவா எழுதுனாலும் அது என் மண்டையில இருக்கறது, அவ மண்டைக்குள்ள என்ன போச்சுன்னு எனக்கு எப்படி தெரியும்? நான் எழுதி அவ ஓகே போட்டா மறுபடி அதே ஜனவரி 25தான். அவ எழுதி நான் படிச்சு சரின்னு சொன்னா ரெண்டு மண்டையும் ஒன்னா இருக்கான்னு அங்கயே தெரிஞ்சிரும். மாமாக் கடையில திருப்பி சொல்றது நாம இல்லையே, ஆர்டர் எடுக்குறவருதானே. அதுக்கு அப்புறம் அவரு ஒன்னும் சொல்லல, தே ஓ ஒன்னு வாங்கிட்டு வர சொன்னாரு.

ஒரு மெசேஜ் எப்படி இருக்கும்னு காட்டறேன், டிசைன் பொண்ணு மலாய்ல போட்டது, தமிழ்ல சொல்றேன்: "கல்யாண கார்டு 500. ஐவரி பேப்பர், தங்க ஃபாயில் முன்பக்கம் மட்டும். தமிழ் எழுத்து நீ டைப் பண்ணி குடுப்ப, புதன் 10 மணிக்குள்ள. நான் ப்ரூஃப் தர்றது வியாழன் 12 மணி. புதன் வரலன்னா வியாழன் இல்ல." கடைசி வரிய பாருங்க. அது நான் கேட்டது இல்ல, அவ கேட்டது. நான் எழுதியிருந்தா அந்த வரியே இருந்திருக்காது, நான் தமிழ லேட்டா குடுத்துட்டு ப்ரூஃப் எங்கன்னு அவகிட்ட கேட்டிருப்பேன். ஒத்துக்கிறவங்க எழுதும்போது அவங்களுக்கு நம்மகிட்ட இருந்து என்ன வேணும்ங்கறதும் வந்துருது, இத நான் எதிர்பாக்கவே இல்ல.

நேரம் எழுதறதுல மட்டும் கறாரா இருக்கோம். "வெள்ளிக்கிழமை"ன்னு போடக்கூடாது. வெள்ளிக்கிழமைன்னா கஸ்டமருக்கு காலையில, எனக்கு கடை மூடறதுக்குள்ள, பாக் சிக்குக்கு மதியம் தொழுகை முடிஞ்சு ரெண்டே முக்காலுக்கு மேல. மூணும் வெள்ளிக்கிழமைதான். அதே மாதிரி "ரெடி"ன்னா அடிச்சு முடிஞ்சதா, வெட்டி கட்டி வச்சதா, கஸ்டமர் வாசல்ல இறக்குனதா. "அர்ஜென்ட்", "ஏஎஸ்ஏபி" ரெண்டும் கடையிலயே தடை, எல்லாமே அர்ஜென்ட்னு எழுதி எழுதி அதுக்கு மதிப்பே போயிருச்சு.

சொன்ன வாக்க காப்பாத்த முடியாம போனா? போகும், மெஷினுக்கு நம்ம ஒப்பந்தம் தெரியாது. போன மாசம் ஒரு நாள் சாயந்திரம் 6 மணிக்கு பேனர் 8 பீஸ் தரேன்னு அண்ணன் எழுதியிருந்தாரு. 4 மணிக்கு மெஷின்ல இங்க் தெளிக்கிற ஹெட் அடைச்சிக்கிச்சு, நாஸல் செக் அடிச்சா சிவப்பு கோடு கோடா விட்டு விட்டு வருது. பழைய வழக்கத்துல அவரு என்ன பண்ணுவாருன்னா யாருக்கும் சொல்லாம கிளீனிங் ஓட்டி ஓட்டி பாத்துட்டு, 6 மணிக்கு நான் போன் பண்ணா "இன்னும் கொஞ்சம் நேரம்"ம்பாரு, 8 மணிக்கும் கொஞ்ச நேரம்தான். அன்னைக்கு 4.10க்கு மெசேஜ் வந்துச்சு: "ஹெட் அடைப்பு. 6 மணி முடியாது. 3 பீஸ் இருக்கு, அத பாக் சிக்கிட்ட ஏத்திரவா, மீதி நாளைக்கு 10 மணி?" நான் கஸ்டமருக்கு போன் பண்ணேன், அவருக்கு அன்னைக்கு ராத்திரி மேடைக்கு வேணும்ங்கறது 2 பீஸ்தான், மீதி மறுநாளைக்குத்தான்னாரு. ஒரு சண்டை இல்ல. 6 மணிக்கு அதே விஷயம் தெரிஞ்சிருந்தா கஸ்டமர் கத்தியிருப்பாரு, அவருக்கு 2 பீஸ்தான் வேணும்ங்கறது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. வாக்கு மாறுனது தப்பில்ல, எப்போ சொன்னோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்குன்னு அன்னைக்கு அண்ணனே சொன்னாரு, அவரு அதிகம் பேசற ஆள் இல்ல.

ஜாப் ஷீட் கவரையும் திரும்ப கொண்டு வந்தோம், கல்யாண கார்டுக்கும் பில் புக்குக்கும் மட்டும். தமிழ் எழுத்து இருக்கற எதுக்கும் தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் கையெழுத்து போடாம மெஷினுக்கு போகாது. டிரெல்லோவ மூடிட்டோம். குரூப் இருக்கு, தீபாவளி வாழ்த்துக்கும் யாரு தாப்பாவ் (பார்சல் சாப்பாடு) வாங்க போறாங்கன்னு கேக்கவும்.

2026 தைப்பூசத்துக்கும் அதே பந்தல் அண்ணன் கூப்பிட்டாரு, "தங்கச்சி போன வருஷம் மாதிரியே". இந்த தடவ நான் திருப்பி எழுதி அனுப்புனேன், 6 பேனர், 10க்கு 4, பிப்ரவரி 1 ஞாயிறு, எடுக்குறது வியாழன் 5 மணிக்கு கவுண்டர்ல. ஒரே ஒரு கட்டைவிரல் பதிலா வந்துச்சு. போன் போட்டு கேட்டேன், அண்ணே இந்த விரலுக்கு என்ன அர்த்தம்னு. அஞ்சு நிமிஷம் சிரிச்சிட்டு, "ஏம்மா, எட்டு பேனர் வேணும்"ன்னாரு.

இதெல்லாம் சரி சமமா இருக்கறவங்களுக்கு நடுவுல ஓடும். மேல இருக்கறவங்ககிட்ட கேக்கும்போது அவங்கள எழுத வைக்க நம்மளால முடியாது, அங்க மட்டும் என் முறை கவுந்துருது. மெஷின் அண்ணனுக்கு ஒன்னாவது போற மகள் இருக்கா, காலையில ஸ்கூல்ல விட்டுட்டு வரணும், ஒன்பதுக்கு பதிலா பத்து மணிக்கு வந்து ஒரு மணி நேரம் கூட இருந்துக்கறேன்னு மொதலாளிகிட்ட மூணு மாசமா வாயால கேட்டுட்டு இருந்தாரு. ஒவ்வொரு தடவையும் "பாக்கலாம்பா". பாக்கலாம்னா சரியும் இல்ல, முடியாதும் இல்ல, அண்ணனும் தெனமும் லேட்டா வந்து தெனமும் முறைப்பு வாங்கிட்டு இருந்தாரு.

நான் அவருகிட்ட சொன்னேன், இதுக்கு சட்டத்துலயே வழி இருக்குண்ணே. 1955 எம்ப்ளாய்மென்ட் ஆக்ட்ல 2023 ஜனவரி 1ல இருந்து ஒரு மாற்றம் அமலுக்கு வந்துச்சு, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாத்தி குடுங்கன்னு தொழிலாளி எழுத்துல கேக்கலாம், மொதலாளி 60 நாளுக்குள்ள எழுத்துல பதில் சொல்லணும், முடியாதுன்னா காரணம் சொல்லணும். கட்டாயம் குடுத்தே ஆகணும்னு இல்ல, ஆனா பாக்கலாம்னு விட முடியாது. யாரு கேக்கணும், எப்படி கேக்கணும், எத்தன நாளுக்குள்ள, இல்லன்னா என்ன சொல்லணும், ஒரு வேண்டுகோளுக்கு என்னெல்லாம் வேணுமோ எல்லாத்தையும் சட்டம் எழுதுனவங்களே கட்டம் போட்டு வச்சிருக்காங்க. எங்க ஜாப் ஷீட் மாதிரிதான்.

அண்ணன் ரெண்டு நாள் யோசிச்சாரு, மொதலாளி சண்டைக்கு வர்றான்னு நினைச்சுக்குவாரோன்னு பயம். கடைசியில நானும் அவரும் உக்காந்து அரை பக்கத்துல எழுதுனோம், மரியாதையா, எந்த நாளு, எத்தன மணி, அந்த ஒரு மணி நேரத்துல மெஷின யாரு சூடு பண்ணி வைப்பான்னு வரைக்கும். குடுத்த பதினோராவது நாள் மொதலாளி கையாலயே எழுதி குடுத்தாரு: திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் பத்து மணி சரி, சனிக்கிழமை முடியாது, அன்னைக்குத்தான் கார்டு எடுக்க கூட்டம் வரும், ஸ்கூலும் இல்ல. அண்ணன் அத ரெண்டு தடவ படிச்சிட்டு நாலா மடிச்சு பர்ஸ்ல வச்சிக்கிட்டாரு. சனிக்கிழமைக்கு ஸ்கூல் இல்லங்கறத நாங்க ரெண்டு பேரும் யோசிக்கவே இல்ல.